டம்ளரில் மூச்சு, பையில் சிப்பி: முத்துக்குளிப்பு ஆர்பிஜிக்கு விதி கட்டிய பதிவு

கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் குளியாள், சிப்பி பொறுக்கிக்கொண்டு மேலே வர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மேசையில் எப்படி விளையாட வைப்பது? இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றியதுதான். ஆர்பிஜி என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை விளையாடும் ஆட்டம். ஆட்டம் நடப்பது 1905இல், மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், மரிச்சுக்கட்டி முகாமில். நான்கு ஆட்டக்காரர்கள், கதையை நடத்த ஒரு கேம் மாஸ்டர். நிலைத்த விதியோடு தூக்கிப் போட்ட விதிகளையும் எழுதியிருக்கிறது. டேபிள்டாப் ஆர்பிஜி எழுத நினைப்பவருக்குத் தூக்கிப் போட்டவைதான் கூடுதலாகப் பயன்படும்.

முதலில், கையில் இருந்த சரக்கு. படகுகள் இரவில் கரைக்காற்றைப் பிடித்துக் கிளம்பி, விடியும் நேரம் பாரில் போய் நிற்கும். பார் என்பது சிப்பி விளையும் கடலடித் திட்டு. ஆழம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து பாகம் (ஒரு பாகம் ஆறடி). ஒரு படகில் பத்துக் குளியாட்கள் இருந்தால் ஐந்து கல் இருக்கும்; ஐந்து பேர் இறங்கும்போது ஐந்து பேர் இளைப்பாறுவார்கள். மூச்சு ஒரு நிமிடத்தை ஒட்டித் தாங்கும். மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் இழுப்பார். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் அன்றைய வேலை முடிந்தது. ஒரே நாளில் நாற்பது ஐம்பது முறை முங்கியதைப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்ததையும் சொல்கின்றன. கரை சேர்ந்த சிப்பியைக் குளித்தவர்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று அவர்களுக்கு.

இவ்வளவும் சுவையான செய்திதான். எல்லாவற்றையும் விதியாக்கினால் ஆட்டம் மூழ்கிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் எடுத்து ஒரே கேள்வி கேட்க வேண்டியிருந்தது: இது தெரிந்தால் ஆட்டக்காரர் வேறு முடிவு எடுப்பாரா? கல்லின் எடை தெரிந்தால் யாரும் எதையும் மாற்றிச் செய்யப்போவதில்லை. அது வர்ணனையில் இருக்கட்டும். மூச்சு, கயிறு, நண்பகல், மூன்று குவியல் ஆகிய நான்கும் முடிவை மாற்றும். விதி இந்த நான்குக்கு மட்டும்தான்.

பதிப்பு 1: ஒரு உருட்டு

இருபது பக்கப் பகடை, அதில் விழுந்ததோடு முங்கும் திறன் +3 சேர்த்து இலக்கு எண் 12ஐ எட்ட வேண்டும். பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி, அதாவது 60 சதவீதம். வென்றால் சிப்பி, தோற்றால் வெறுங்கை. கணக்கில் குறையே இல்லை. ஆனால் இந்த விதியில் சிப்பிக்குப் பதில் தேன், கடலுக்குப் பதில் மலை, குளியாளுக்குப் பதில் தேன் எடுப்பவர் என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கடல் விதியின் மேல் பூசிய சுண்ணாம்பாக மட்டும் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. மேசையிலும் இது உடனே தெரிந்துவிடும்: பகடை நின்ற பிறகுதான் கேம் மாஸ்டர் "மூச்சு முட்டுகிறது, கண் இருட்டுகிறது" என்று சொல்ல ஆரம்பிக்கிறார். முடிவு தெரிந்த பிறகு சொல்லும் ஆபத்தை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இதைச் சரிசெய்ய அடுத்து முயன்றது இரண்டு ஆறுபக்கப் பகடை. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆர்பிஜி பிரபலமாக்கிய முறை: கூட்டுத்தொகை 10 அல்லது மேல் என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6 அல்லது கீழே என்றால் சிக்கல். கூடுதல் எதுவும் சேர்க்காமல் உருட்டினால் 36இல் 6, 15, 15 என்று பிரியும். நல்ல எந்திரம் இது. ஆனால் நடுவில் இருக்கும் அந்த 15இல் ஒவ்வொரு முறையும் கேம் மாஸ்டர் புதிதாக ஒரு விலையைக் கற்பனை செய்ய வேண்டும். காட்சிக்குக் காட்சி வேறு வேறு காரியம் நடக்கும் ஆட்டத்தில் அது வரம். முத்துக்குளிப்பிலோ ஒரே காரியம் ஒரு காலையில் நான்கு முறை வருகிறது. மூன்றாவது முங்கலிலேயே "கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது" இரண்டாம் தடவை வந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு, விலை கேம் மாஸ்டர் வாயில் இருக்கக்கூடாது. மேசை மேல் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பதிப்பு 2: அளவுக்கு மீறிய உண்மை

பாகக் கணக்கில் ஆழம், நொடிக் கணக்கில் மூச்சு, இறங்கும் வேகம், ஏறும் வேகம், நீரோட்டம், களைப்பு என மூன்று அட்டவணை. இதில் சரித்திரம் முழுக்க இருந்தது, ஆட்டம் இல்லை. நான்கு பேர் ஆளுக்கு நாற்பது முறை முங்கினால் 160 முங்கல். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் விரலை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தக் குழியில்தான் விழுவார்கள்: தகவல் நிறைய இருந்தால் சுவையும் நிறைய இருக்கும் என்ற நம்பிக்கை. "47 நொடி ஆச்சு" என்று கேட்டு யாரும் மூச்சை இழுத்துப் பிடிப்பதில்லை.

இந்தப் பதிப்பிலிருந்து காப்பாற்றி வைத்தது ஒன்று மட்டும்: அளவைச் சுருக்குவது. மேசையில் ஒரு காலைக்கு நான்கே முங்கல். ஒவ்வொன்றும் உண்மையில் பத்துப் பன்னிரண்டு முங்கல்களின் சாறு. ஒரு முங்கல் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பதை இலக்காக வைத்துக்கொண்டால், அதற்கு மேல் இழுக்கும் எந்த விதியையும் வெட்டிவிடலாம்.

பதிப்பு 3: தாயக்கட்டையும் புளியங்கொட்டையும்

ட்ரெட் என்ற திகில் ஆர்பிஜியில் பகடையே கிடையாது. அடுக்கிய மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் அந்தப் பாத்திரத்தின் கதை முடிந்தது. பாத்திரத்தின் பயம் ஆட்டக்காரரின் கைநடுக்கமாகவே வந்துவிடுகிறது. முத்துக்குளிப்புக்கும் கைக்குள் அடங்குகிற ஏதாவது ஒன்று வேண்டும் என்று தேடியதில் வீட்டிலேயே இருந்தன தாயக்கட்டையும் புளியங்கொட்டையும்.

தேவையானவை: பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி, கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை அறுபது, மஞ்சாடி விதை பத்து, எவர்சில்வர் டம்ளர் ஒன்று, வாய்க்குச் சுருக்குக் கயிறு வைத்த துணிப்பை ஒன்று, மூன்று அடி நூல்கயிறு, 0, 1, 2 என்று எழுதி மடித்த மூன்று சீட்டு. டம்ளர் எவர்சில்வராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்பது கொட்டை இருக்கும்போது குலுக்கினால் சலசலக்கும். இரண்டு இருக்கும்போது டிங் டிங் என்று தனித்தனியாகக் கேட்கும். மூச்சு குறைவதை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, காதாலேயே தெரியும். கொட்டாங்குச்சி பார்க்க அழகாக இருந்தாலும் சத்தம் மொத்தையாக வருகிறது.

தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி, ஒரு வெறும் பக்கம். ஜோடியை உருட்டினால் 16 விதமாக விழலாம். தாயம் 2 வழி, இரண்டு 3 வழி, மூன்று 4 வழி, நான்கு 3 வழி, ஐந்து 2 வழி, ஆறு 1 வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கு 1 வழி. தாயக்கட்டை கிடைக்காதவர்கள் இரண்டு நான்குபக்கப் பகடையை எடுத்து, 4ஐ வெறுமை என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண ஆறுபக்கப் பகடைதான் இருக்கிறது என்றால் 5, 6 விழும்போது அந்தப் பகடையை மறுபடி உருட்டுங்கள். கணக்கு மாறாது.

கட்டை நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. விளிம்பு தேய்ந்த கட்டை ஒரே பக்கத்தில் படுத்துக்கொள்ளும். 160 முறை உருட்டிக் கோடு போட்டு வாருங்கள். தாயம் 20, இரண்டு 30, மூன்று 40, நான்கு 30, ஐந்து 20, ஆறு 10, பன்னிரண்டு 10 என்பதை ஒட்டி வர வேண்டும். ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். பன்னிரண்டு 25 முறை விழுந்தால் கட்டையை மாற்றுங்கள்.

விதியின் நடுநாடி இதுதான். டம்ளரில் கொட்டைகளைப் போடு, அதுதான் மூச்சு. கட்டையை உருட்டு, விழுந்த எண்ணிக்கைக்குக் கொட்டைகளை டம்ளரிலிருந்து எடுத்துப் பைக்குள் போடு, பைக்குள் போனது சிப்பி, கொட்டை ஒன்றுக்கு நூறு. டம்ளரில் இருப்பதை விடப் பெரிய எண் விழுந்தால் மூச்சு முட்டிப் பை கைநழுவிவிடும். அந்த முங்கலின் சிப்பி முழுக்கப் போச்சு, அவர் அன்றைக்கு மறுபடி இறங்க முடியாது. டம்ளர் சரியாகக் காலியானால் முங்கல் அதோடு முடிந்தது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் கயிற்றை அசைத்து மேலே வரலாம்.

இங்கேதான் சுவையும் விதியும் ஒட்டிக்கொண்டன. செலவான மூச்சுக்கு ஓர் எண்ணும் கிடைத்த சிப்பிக்கு வேறோர் எண்ணும் வைத்திருந்தால் தாளில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே டம்ளரில் இருந்தபோது மூச்சாக இருந்த அதே கொட்டை பைக்குள் விழுந்ததும் சிப்பியாகிவிடுகிறது. "மூச்சைக் கொடுத்துத்தான் சிப்பி எடுக்கிறார்கள்" என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கை அதைச் செய்துகொண்டிருக்கிறது. தேன் சோதனையை இப்போது வைத்துப் பாருங்கள், தேனெடுப்பவருக்கு இந்த விதி பொருந்தவே பொருந்தாது.

பிறகு வந்த பிழைகள்.

முதல் பிழை பன்னிரண்டு. டம்ளரில் எத்தனை கொட்டை இருந்தாலும் இரண்டு கட்டையும் வெறுமையாக விழுவது பயங்கரமாக இருக்கட்டும் என்று அதற்குச் சுறா வைத்திருந்தது. 16இல் 1 என்ற வாய்ப்பும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தாயம் விளையாடி வளர்ந்த யாருக்கும் பன்னிரண்டு விழுந்தால் கை தானாகவே தட்டும், வாய் தானாகவே கத்தும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் "சுறா வந்துவிட்டது" என்று சொன்னால் காட்சி அங்கேயே உடைகிறது. கடன் வாங்கிய பொருளோடு அதன் பழக்கமும் சேர்ந்தே வரும். அதற்கு எதிராக விதி எழுதினால் தோற்பது விதிதான். அதனால் பன்னிரண்டைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. புள்ளியே இல்லாததால் மூச்சுச் செலவும் இல்லை. பையில் ஒரு மஞ்சாடி விதை விழுகிறது, கொத்தாக ஒட்டிய பெரிய சிப்பி கிடைத்தது என்று பொருள். மறுபடி உருட்ட வேண்டும். இப்போது கைதட்டலும் விதியும் ஒரே பக்கம் நிற்கின்றன.

இரண்டாவது பிழை எளிதில் கண்ணில் படாதது, அதனால் கொஞ்சம் விரிவாக. தாய ஆட்டத்தில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. 16இல் 6 வழி, 37.5 சதவீதம். அந்த வழக்கத்தை அப்படியே வைத்து, ஆனால் இங்கே மறு ஆட்டத்தைக் கட்டாயமாக்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது: இன்னும் ஒரு சிப்பி, இன்னும் ஒரு சிப்பி என்று கை நீளும் ஆசை. கேட்க அருமை. கணக்குப் போட்டால் வேறு கதை. இப்போது ஒருமுறை உருட்டி, நிறுத்த அனுமதி கிடைத்த முதல் கணத்திலேயே நிறுத்திவிடும் மிக ஜாக்கிரதையான குளியாளை எடுத்துக்கொள்வோம். டம்ளரில் 5 கொட்டை இருந்தால் மூச்சு முட்டும் வாய்ப்பு 10.2 சதவீதம். 6 இருந்தால் 12.9. 7 இருந்தால் 17.9. 8 இருந்தால் 14.3. 9 இருந்தால் 8.8.

ஏழு மூச்சு இருப்பவருக்கு ஐந்து மூச்சு இருப்பவரை விட ஆபத்து அதிகம். எப்படி? ஏழில் ஐந்து விழுந்தால் இரண்டு மிஞ்சுகிறது, ஆறு விழுந்தால் ஒன்று மிஞ்சுகிறது. அந்த நிலையில் கட்டாயமாக மறுபடி உருட்ட வேண்டும், அது ஏறக்குறைய மூழ்கியதற்குச் சமம். ஐந்து கொட்டையிலோ ஐந்து விழுந்தால் டம்ளர் காலியாகி முங்கல் முடிந்துவிடுகிறது. ஆட்டக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க மாட்டார், ஆனால் நான்கைந்து ஆட்டத்தில் அவருக்கு உறுத்தும்: மூச்சு நிறைய இருக்கும்போது ஏன் செத்துப்போகிறோம்? சுவை சொல்வதற்கு எண் எதிர்ச்சாட்சி சொல்கிறது. இந்த வகைப் பிழையை விளையாடிப் பார்த்து மட்டும் பிடிக்க முடியாது, அதிர்ஷ்டம் என்று நினைத்து விட்டுவிடுவோம். பென்சிலை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு நிலைக்கும் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

திருத்தம்: கட்டாய மறு உருட்டல் தாயத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும். இப்போது 1 கொட்டையில் உருட்டினால் 86.7 சதவீதம், 2இல் 78.2, 3இல் 50.4, 4இல் 26.7, 5இல் 10.2, 6இல் 1.4. மூச்சு குறையக் குறைய ஆபத்து ஏறுகிறது, நடுவில் எங்கும் குழி விழவில்லை. மூன்று கொட்டை என்பது காசு சுண்டுவதற்குச் சமம் என்பதை மட்டும் ஆட்டக்காரர் நினைவில் வைத்தால் போதும். ஒன்பதில் தொடங்கி, ஐந்தோ அதற்கு மேலோ இருக்கும் வரை மட்டும் உருட்டுபவர் மூச்சு முட்டுவது 3.3 சதவீதம், நான்கு இருக்கும்போதும் ஒரு கை பார்க்கலாம் என்பவருக்கு அது 10.8. அந்த ஒரு கொட்டையில் ஆபத்து மூன்று மடங்கு. பேராசைக்கு எங்கே விலை வைத்திருக்கிறது என்பது விதியை எழுதியவருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறுக்கு மேல் ஏறக்குறைய ஆபத்தே இல்லை என்பது புதுக் குறை. அதற்கு நண்பகல் கைகொடுத்தது. காலையின் முதல் முங்கலுக்கு 9 கொட்டை, இரண்டாவதுக்கு 8, பிறகு 7, கடைசிக்கு 6. கடற்காற்று எழும்ப எழும்ப நீர் கலங்குகிறது, உடம்பும் தளர்ந்திருக்கிறது. நான்காவது முங்கலில் ஒருமுறை உருட்டினாலே முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறோம். தனியாகக் களைப்பு விதி எதுவும் தேவைப்படவில்லை.

கயிறு பிடிப்பவருக்கு வேலை

நான்கு பேரில் இருவர் முங்க, இருவர் கயிறு பிடிக்கிறார்கள். ஒவ்வொரு முங்கலுக்கும் மாறிக்கொள்ளலாம். முங்கும் இருவரும் ஒரே டம்ளரைப் பயன்படுத்தட்டும், ஒரு ஜோடி முடித்த பிறகு அடுத்த ஜோடி. மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான். பதிப்பு 3இன் முதல் வடிவத்தில் கயிறு பிடிப்பவருக்கு ஒரு வேலையும் இல்லை. உண்மையில் குளியாளின் உயிரே அவர் கையில். இதை "+2 உதவி" என்று வைப்பது சுலபம், ஆனால் அப்படி வைத்தால் அவர் ஒரு எண்ணாகச் சுருங்கிவிடுவார்.

மாற்றாக மூன்று சீட்டு. முங்குவதற்கு முன் கயிறு பிடிப்பவர் ஒரு சீட்டை எடுத்துத் தான் மட்டும் பார்க்கிறார். 0, 1 அல்லது 2. மேலே ஏறுவதற்கு அத்தனை கொட்டை டம்ளரில் மிஞ்சியிருக்க வேண்டும். குறைந்தால் குளியாளுக்கு ஒரு ரத்தக் குறி: சிப்பி போகாது, ஆனால் அவருடைய அடுத்த முங்கல் ஒரு கொட்டை குறைவாகத் தொடங்கும். சீட்டில் உள்ளதை அவர் வாயால் சொல்லக்கூடாது. மேசையின் குறுக்கே நூல்கயிறு கிடக்கிறது, ஒரு முனை குளியாளின் இடது கையில், மறுமுனை இவர் கையில். இவர் எப்போது இழுத்தாலும் முங்கல் முடிந்தது. தாயமோ பன்னிரண்டோ விழுந்து குளியாள் கட்டாயம் உருட்ட வேண்டிய நேரத்தில், அவரால் நிறுத்த முடியாது. கயிறு பிடிப்பவரால் மட்டும்தான் நிறுத்த முடியும்.

இதற்கு மேல் வர்ணனை தேவைப்படவில்லை. மூன்று கொட்டை மிச்சம், தாயம் விழுந்து இரண்டானது, கை கட்டையை எடுக்கிறது, எதிரே இருப்பவரின் விரல் நூலில் இறுகுகிறது. அந்த இடத்தில் கேம் மாஸ்டர் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

ஓட்டை ஒன்று இருந்தது. கயிறு பிடிப்பவர் முதல் உருட்டலிலேயே இழுத்துவிடுகிறார். அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. விதியில் ஒருவர் மட்டும் பத்திரமான பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் எப்போதும் பத்திரத்தையே தேர்ந்தெடுப்பார், அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. பையிலிருந்து அவருக்கும் பங்கு கொடுத்ததும் சரியானது: மூன்று கொட்டையில் இரண்டு குளியாளுக்கு, ஒன்று கயிறு பிடிப்பவருக்கு. இப்போது சீக்கிரம் இழுத்தால் தன் பங்கும் சுருங்குகிறது. இன்னொரு விஷயம், நூலை நிஜமாகவே கையில் கொடுங்கள். "நான் இழுக்கிறேன்" என்று வாயால் சொல்ல விட்டால் உருட்டிய பிறகு "இழுக்கலாம்னு நினைச்சேன்" என்ற வாக்குவாதம் வரும். கட்டை மேசையில் படுவதற்கு முன் நூல் அசைந்ததா என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

கடற்கட்டிக்கு எண் கிடையாது

சுறா குளியாட்களை அண்டாதபடி மந்திரத்தால் கடலைக் கட்டுபவர் கடற்கட்டி. அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசே அவர்களுக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. எந்த ஆர்பிஜி எழுத்தாளருக்கும் கை பரபரக்கும் இடம் இது: சுறாவுக்கு எதிராக +4 என்று எழுதிவிடலாம். எழுதினால் என்ன ஆகும்? ஒரு மனிதர் ஒரு கருவியாவார். காசு இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் விடு என்று பேரம் வரும். மந்திரம் பலிக்கிறதா இல்லையா என்பதற்கு விதிப்புத்தகமே தீர்ப்பு எழுதியதாகவும் ஆகும். அது எழுதுபவரின் வேலை இல்லை.

அதனால் விதி ஒரே வரி: கடற்கட்டி கடலைக் கட்டாத காலையில் டம்ளரில் கொட்டை போடக்கூடாது. கூட்டலும் கழித்தலும் இல்லை, அனுமதி மட்டும். அவருக்குக் காய்ச்சல் என்றால் படகு முழுக்கக் கரையில். கூலித் தகராறில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதிகாரியே போய்ச் சமாதானம் பேச வேண்டும். ஒரு முழு இரவு ஆட்டம் இந்த ஒரு வரியிலிருந்து கிளம்பும். சுவையை எண்ணாக மாற்ற முடியாத இடத்தில் அதை வாசலாக மாற்றுங்கள் என்பதுதான் இதில் கிடைத்த உத்தி. சுறா கட்டையில் எங்கும் இல்லை. கேம் மாஸ்டர் கையில் இருக்கிறது, ஒரு பருவத்துக்கு ஒருமுறை காட்டலாம். அடிக்கடி காட்டினால் சுறா மீன் வியாபாரமாகிவிடும்.

திறப்பதா, விற்பதா

ஏலத்தில் சிப்பியை மூடியபடியே ஆயிரக் கணக்கில் வாங்குவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்கியவர் தலையெழுத்து. ஆகவே ஆட்டத்திலும் மூடிய கொட்டை ஒன்றுக்கு 2 காசு. திறக்க நினைத்தால் கொட்டைக்கு ஒருமுறை கட்டையை உருட்ட வேண்டும். தாயம் என்றால் சிறு முத்து, 4 காசு. பன்னிரண்டு என்றால் நடுத்தர முத்து, 12 காசு. ஆனால் மறுபடி உருட்டு, அதில் தாயம் விழுந்தால் 12க்குப் பதில் 100 காசு பெறும் ஆணிமுத்து. மற்றது எல்லாம் வெறும் ஓடு.

சராசரி பார்த்தால் திறப்பதில் கொட்டைக்கு 1.94 காசு, விற்பதில் 2. வித்தியாசம் வேண்டுமென்றே வைத்தது. முதலில் ஆணிமுத்துக்கு 200 வைத்திருந்தது. அப்போது சராசரி 2.72, எல்லாரும் எல்லாவற்றையும் திறந்தார்கள், ஏலக்காட்சி செத்துப்போனது. 50 வைத்தால் சராசரி 1.55, கணக்குத் தெரிந்தவர் ஒருவர்கூடத் திறக்க மாட்டார். விற்பது ஒரு மயிரிழை மேல் என்றால்தான் மனசு இரண்டு பக்கமும் இழுக்கும். பருவக் கடைசியில் ஏலவிலை இறங்கும்போது கேம் மாஸ்டர் 2ஐ ஒன்றரை ஆக்கினால் போதும், தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். 100 காசுக்கான வாய்ப்பு கொட்டைக்கு 128இல் 1. பங்குக்கு வந்த 13 கொட்டையையும் திறந்தால் 9.7 சதவீதம், ஏறத்தாழப் பத்துக் காலைக்கு ஒரு ஆணிமுத்து. ஒரு பருவத்தை ஐந்தாறு அமர்வில் விளையாடும் குழுவுக்கு அது வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்ற அளவில் இருக்கிறது.

மூன்று குவியல்

இந்த விதியை யாரும் புதிதாகக் கட்டவில்லை, சரித்திரமே கொடுத்தது. குளித்தவர்களே மூன்றாகப் பிரிக்க வேண்டும், அரசு இரண்டை எடுக்கும், எதை எடுக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒருவர் வெட்ட மற்றவர் தேர்ந்தெடுப்பது என்ற பழைய நியாயம். ஏமாற்ற நினைத்தால் தானே ஏமாறுவோம். நான்கு முங்கலும் முடிந்த பிறகு இரண்டு ஜோடியும் எடுத்ததை மேசையில் கொட்டி ஒன்றாக்கி, ஆட்டக்காரர்கள் மூன்று குவியல் வைக்கிறார்கள், கேம் மாஸ்டர் இரண்டை வாரிக்கொள்கிறார். மிஞ்சியதைத்தான் ஏற்கெனவே சொன்னபடி பங்கு போடுவார்கள்.

ஆனால் எல்லாம் புளியங்கொட்டையாக இருந்தால் 40ஐ மூன்றால் வகுக்கும் பள்ளிக்கூடக் கணக்குதான், பேச்சே எழாது. மஞ்சாடி விதை அதற்காகத்தான். மஞ்சாடியைத் திறந்தால் மூன்று முறை உருட்டி, கிடைத்ததில் சிறந்த ஒன்றை வைத்துக்கொள்ளலாம். முதலில் "மஞ்சாடி இரண்டு புளியங்கொட்டைக்குச் சமம்" என்று எழுதியிருந்தது. உடனே அதுவும் வகுத்தல் கணக்காகிவிட்டது. மூன்றில் சிறந்தது என்று மாற்றியதும் அதன் சராசரி 5.3 காசு, அதாவது இரண்டேமுக்கால் புளியங்கொட்டை. இந்த எண்ணை விதிப்புத்தகத்தில் எழுதாதீர்கள். ஏலத்தில் மஞ்சாடிக்கு 5 காசு என்று மட்டும் இருக்கட்டும். ஒரே ஒரு மஞ்சாடி வந்த காலையில் அதோடு இரண்டு கொட்டையைக் குறைத்து வைப்பதா, மூன்றைக் குறைத்து வைப்பதா என்று நான்கு பேரும் குவியலைக் கலைத்துக் கலைத்து வைப்பார்கள். கேம் மாஸ்டர் அவசரப்படுத்தாமல், கையைக் கட்டிக்கொண்டு, அரசு ஊழியரைப் போல் எதிரில் நிற்க வேண்டும். அவர்கள் எல்லாரும் கையை எடுத்த பிறகே குவியலைத் தொடலாம்.